அலமாரி இருந்த இடம்

ஜனவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் ஜலதோஷம் எதுவும் பிடிக்காமல் ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போனில் பேசாமல் உன் அக்கா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று கல்லூரியில் சக ஆசிரியர்கள் உன்னைக் கேலி செய்வதாகச் சொன்னாய். செய்யட்டும். போனை எடுத்தால் அப்பா என் தோளோடு தோளாக வந்து நின்றுகொள்கிறார். கண்தான் போயிற்றே தவிர, காது இரண்டு மடங்கு ஆகிவிட்டது. இந்த வீட்டில் அவருக்குத் தெரியாமல் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் எழுதத்தான் வேண்டும்.

ஹால் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்ற மர அலமாரியை, ஊருக்குக் கிளம்பும் அன்று, அதே சுவரின் மறு கோடிக்குத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறாய். நான் வேலை முடிந்து, வழக்கம்போல "நான்தான் வந்திருக்கேன்" என்று அப்பாவுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே நுழைந்தால், வீடு முழுக்க வெளிச்சம். அலமாரிக்குப் பின்னால் என்றைக்கோ காணாமல் போன என் சீப்பும் உன் பள்ளிக்கூட பேட்ஜும் கிடந்தன. சோதனைக்கூடத்தில் நாள் முழுக்கக் குழாய்த் தண்ணீரைக் குப்பியில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பவளுக்கு, வீட்டில் வெளிச்சம் வந்தால் கசக்குமா? நன்றாகத்தான் இருந்தது.

அப்பா ஓய்வில் இருக்கிறார். கடிதத்தின் அடியில் அவர் போடும் கையெழுத்து இந்தத் தடவை இல்லை. ஸ்கேலை வரியில் வைத்துக் கொடுத்தால் நேராகப் போட்டுவிடுவார், மேலே என்ன எழுதியிருக்கிறது என்றுகூடக் கேட்கமாட்டார். சர்வேயராக இருந்த காலத்துப் பழக்கம். இன்று பேனா பிடிக்க அலுப்பாக இருக்கிறதாம்.

வேறு விசேஷம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். ஜலதோஷம் வந்து, தங்கி, விடைபெற்றுப் போய்விட்டது. இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டலாம், ரகசியம் ஒன்றும் இல்லை.

வெளிச்சம் உனக்குப் பிடித்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். கண் தெரியாதவர் இருக்கும் வீடு இருட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

ஒரு கூத்தைக் கேள். முதல் வருட மாணவர்களுக்கான அரசியல் பாடப் புத்தகத்தை ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதச் சொல்லிப் பிரித்துக் கொடுத்தார்கள். என் தலையில் விழுந்தது பழமைவாதம். மாணவனாக இருந்தபோது ஊர்வலத்தில் தொண்டை கிழியக் கத்தினவனுக்கு! ஆசிரியர் அறையில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்காகவே நேர்மையாக எழுதிக் காட்டுவது என்று வைராக்கியம் வந்துவிட்டது.

இதுவரை எழுதியதன் சுருக்கம் இது. மனிதன் குறையுள்ளவன், அவன் அறிவுக்கு எட்டுவது கொஞ்சம். ஆகவே ஓர் அறைக்குள் உட்கார்ந்து ஒருவர் போடும் திட்டத்தைவிட, பல தலைமுறைகள் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த வழக்கத்தை நம்பலாம். அது ஏன் அப்படி என்று அதைச் செய்கிறவருக்கே சொல்லத் தெரியாமல் இருக்கலாம். அதனால் அதில் காரணம் இல்லை என்று ஆகிவிடாது. சமூகம் கழற்றி மாட்டுகிற இயந்திரம் இல்லை, உயிருள்ள உடம்பு. ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் வலிக்கும். இப்படியெல்லாம் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை, எழுதியிருக்கிறேன்.

குழப்பமான வாக்கியத்தை மோப்பம் பிடிப்பதில் உன்னைப்போல் ஆள் இல்லை. பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன், தயவு தாட்சண்யம் பார்க்காதே.

தம்பி


பிப்ரவரி 25

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். ஜலதோஷம் போனதற்காகத் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே அலையாதே.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்தேன். பழமைவாதம் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "எனக்கும் முட்டியில வாதம் இருக்கு. ரொம்பப் பழைய வாதம். அது எந்தக் கட்சி?" என்றார். அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்துக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது.

எனக்கும் அந்தச் சொல் உறுத்துகிறது. தலைப்பிலேயே பழமை என்று போட்டுவிட்டால் பிள்ளைகள் தீர்ப்பைப் படித்துவிட்டுத்தான் வழக்கைப் படிப்பார்கள். நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் இவர்கள் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களாகத் தெரியவில்லை. கையில் இருப்பது உடைந்துவிடுமோ என்று பயந்தவர்களாகத் தெரிகிறது. பேணுதல் என்று போட்டுப் பாரேன்.

செய்கிறவருக்கே காரணம் சொல்லத் தெரியாமல் இருக்கலாம் என்ற வரியை மறுபடி மறுபடி படித்தேன். நல்ல வரி. அதில் கை வைக்காதே.

அலமாரி பழைய இடத்துக்கே போய்விட்டது. ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கிறது. நானும் மாடி வீட்டு நர்ஸும் சேர்ந்து தள்ளினோம். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், கோபத்தைத் தவிர. சாரலாம்! ஜன்னலுக்குக் கதவு எதற்கு இருக்கிறது? என் அத்தியாயத்துக்கு உதாரணம் தேடி நூலகத்துக்கு அலைகிறேனே, வீட்டிலேயே ஒன்று டீ போட்டுக்கொண்டிருக்கிறது. நல்லதுதான் என்று தெரிந்தும் பழைய இடத்துக்கே தள்ளுகிற ஆளை வேறெங்கே போய்த் தேடுவது?

பேணுதல் என்ற சொல்லைப் பதிப்பாசிரியர் அடித்துவிட்டார். தேர்வில் பழமைவாதம் என்றுதான் கேட்பார்களாம்.

இப்போது கிளைகளுக்கு வந்திருக்கிறேன். எல்லோரும் ஒரே குடும்பம், ஒரே மேசையில் உட்காரவைத்தால் அடிதடி. ஒருவர், ஒரு செங்கல்லும் அசையக் கூடாது, மேலே இருக்கிறவர் சொன்னால் கீழே இருக்கிறவர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பார். இன்னொருவர், கட்டடம் நிற்க வேண்டுமானால் அவ்வப்போது பூச்சுவேலை செய்துதான் ஆக வேண்டும், வசதியுள்ளவர் இல்லாதவரைக் கைவிடக் கூடாது என்பார். மூன்றாமவருக்கு அரசாங்கம் எதிலும் தலையிடக் கூடாது, சொத்து அவரவருடையது, மற்றதைச் சந்தை பார்த்துக்கொள்ளும். குடும்பம், ஒழுக்கம், தண்டனை என்று வந்தால் மட்டும் அதே ஆள் கெடுபிடி. முதலாமவருக்கு இவரைக் கண்டால் ஆகாது. சந்தையைப்போலப் பழசைப் புரட்டிப் போடுவது வேறு எது என்று கேட்கிறார். எனக்கே பதில் தெரியவில்லை.

அப்பாவின் கையெழுத்து இந்தத் தடவையும் இல்லையே. அலமாரியைத் தொட்டேன் என்று கோபமா?

தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

தாமதமாகிவிட்டது. சோதனைக்கூடத்தில் ஆள் குறைவு, வீட்டில் வேலை கூடுதல். நலம்தான். உன் உடம்பு எப்படி?

கிளைகள் நன்றாகப் புரிந்தன. முதலாமவர் ஹாலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, டீ ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மூன்றாமவர் தூரத்தில் இருப்பவர். எதிலும் தலையிடமாட்டார், ஆனால் எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். அவரும் எனக்கு ரத்த சம்பந்தம்தான். இரண்டாமவர் யாரென்று நீயே கண்டுபிடி.

அப்பாவுக்குக் கோபம் எதுவும் இல்லை. கை சரியானதும் போடுவார்.

வேலையிடத்தில் ஒரு பேச்சு அடிபடுகிறது. இப்போது வேண்டாம், இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. கை சரியானதும் என்று எழுதியிருந்தாய். கைக்கு என்ன? உன்னைக் கேட்டால் நலம் என்பாய், அதனால் மாடி வீட்டு நர்ஸைப் போனில் பிடித்தேன். சொல்லிவிட்டார்.

நான் கிளம்பிய மறுநாள் காலை அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறார். அலமாரி மூலையைத் தொட்டுத்தான் குளியலறைப் பக்கம் திரும்புவாராம். கையை நீட்டியிருக்கிறார், அங்கே காற்றுதான் இருந்திருக்கிறது. விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்து, மார்ச் கடைசிவரை மாவுக்கட்டு. ஒவ்வொரு விடுமுறைக்கும் அந்த வீட்டுக்கு வருகிறவன் நான். அவர் எதைத் தொட்டு நடக்கிறார் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

நீ எல்லோரும் நலம் என்று எழுதியபோது அவர் கையில் கட்டு. அந்தக் கடிதத்துக்கு நான் வெளிச்சத்தைப் பற்றிப் பதில் எழுதினேன். அடுத்ததில் உன்னைக் கேலி வேறு செய்தேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறேன், இந்த முறை நம்பி எழுதுகிறேன். இனி அந்த வீட்டில் ஒரு ஸ்பூன்கூட இடம் மாற வேண்டாம். எது எங்கே இருக்கிறதோ அது அங்கேயே இருக்கட்டும். நீ அங்கே இருக்கும்வரை அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு இருக்கும் ஒரே நிம்மதி அதுதான்.

தம்பி


ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். நீ தூங்காமல் உடம்பைக் கெடுத்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். வேண்டாம். கட்டுப் பிரித்தாகிவிட்டது, விரல்கள் மடங்குகின்றன.

நலம் என்று எழுதியது பொய்தான். கடிதத்தின் முதல் வரியில் யார் உண்மை எழுதுகிறார்கள்? அப்படி ஒரு வரி இருப்பதால்தான் அடுத்த வரியை எழுதக் கை வருகிறது.

அப்பாவுக்குக் கோபம் வந்தது, அன்று ஒரு நாள். தரையில் கிடந்தபடியே "எல்லைக்கல்லை நகர்த்தினது எவன்டா?" என்று கத்தியிருக்கிறார். மாடிவரை கேட்டிருக்கிறது. பிறகு கட்டோடு நாற்காலியிலேயே கிடந்தார். அலமாரியைப் பழைய இடத்துக்குத் தள்ளினோம் அல்லவா, அதற்கு மறுநாள் காலை முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார். "அந்தச் சூடு எங்கம்மா போச்சு?" என்றார். ஜன்னல் திறந்திருந்த வாரங்களில் காலை வெயில் அவர் கன்னத்தில் விழுந்திருக்கிறது. நீ தள்ளியது தப்பு, திறந்தது தப்பில்லை. இரண்டும் ஒரே அலமாரிதான், என்ன செய்ய?

அதனால் மறுபடி நகர்த்திக்கொண்டிருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு சாண். நகர்த்தும் முன் சொல்வேன், நகர்த்தியதும் அவர் கையைப் பிடித்து மூலையைத் தொட வைப்பேன். அது பழகிய பிறகு அடுத்த சாண். இப்போது பாதி ஜன்னல் திறந்திருக்கிறது. இந்த வீட்டில் ஒன்றுமே மாறவில்லை என்று நினைத்தாயா? அம்மா போன பிறகு குளியலறைக் கதவு மாறியது, அடுப்பு மாறியது, வாசல் படி மாறியது. அவர் கைக்குச் சொல்லிவிட்டு மாறியதால் உன் கண்ணுக்குத் தெரியவில்லை.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன். எது எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும் என்றாய். அதில் நானும் அடக்கம், இல்லையா? அலமாரி, நாற்காலி, அக்கா.

எனக்குச் சோர்வாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சோர்வு. காலையில் செருப்பை மாட்டும்போதே வருகிறது. புதிதாகக் கட்டியிருக்கும் நீரேற்று நிலையத்தின் சோதனைக்கூடத்தைப் பொறுப்பேற்று நடத்த என்னைக் கூப்பிடுகிறார்கள். வேறு ஊர். முன்பே ஒரு முறை இப்படிக் கூப்பிட்டு வேண்டாம் என்றேன், உன்னிடம் சொல்லவில்லை. இந்த முறையும் வேண்டாம் என்றால் இனி என் பெயரை யாரும் எடுக்கமாட்டார்கள். எனக்குப் போக வேண்டும், தம்பி. போக ஆசையாக இருக்கிறது.

நீ அனுப்பிய பக்கங்களில் பேண வேண்டியது எது எது என்று நிறைய இருக்கிறது. பேணுகிறவர் ஒரு வரியிலும் இல்லை.

இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு ஒரு வரியும் தாண்டாமல் படித்துக் காட்டினேன். டீயை ஆறவிட்டார். பிறகு "ஸ்கேலை எடு" என்றார்.

அக்கா

(அடியில் அப்பாவின் கையெழுத்து, ஸ்கேலை விட்டு வழுக்கித் தாளின் ஓரம்வரை போயிருந்தது.)


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கையெழுத்தைப் பார்த்ததும் அழுதேன், மறைப்பானேன்.

நீ போகத்தான் வேண்டும், அதில் இரண்டு பேச்சே இல்லை. ஆனால் இத்தனை பெரிய மாற்றத்தை அவசரப்பட்டுச் செய்யலாமா என்று யோசி. ஒரு வருடம் பொறுத்தால் எனக்கு இங்கே வேலை நிரந்தரமாகும். அதுவரை முழுநேர ஆள் ஒருவரை வைத்துப் பழக்கலாம். நல்ல முதியோர் இல்லங்களும் இருக்கின்றன, விசாரிக்கிறேன். நிதானம் கோழைத்தனம் இல்லை. அலமாரியை நீயே சாண் சாணாகத்தானே நகர்த்தினாய்?

அப்பாவுக்கு இதைப் படிக்க வேண்டாம்.

தம்பி


ஜூன் 18

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ நலம் என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது.

சாண் சாணாக நகர்ந்துதான் இந்த வயதுக்கு வந்திருக்கிறேன். நிதானம் என்று நீ எழுதும் இடத்தில் எல்லாம் யாருடைய நிதானம் என்று ஒரு சொல் சேர்த்துப் படித்துப் பார்.

ஜூலை முதல் தேதி அங்கே சேர்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆள் வைப்பதானால் வை. அந்த ஆளுக்கு இந்த வீட்டின் மூலைகளைச் சொல்லித்தர ஒருவர் வேண்டும். மாதக் கடைசிவரை நான் இருப்பேன்.

அக்கா


ஜூன் 23

அக்கா,

இருபத்தெட்டாம் தேதி வருகிறேன். சம்பளமில்லாத விடுப்பு, ஒரு வருடம். வேலை நிரந்தரமாவது தள்ளிப் போகும், போகட்டும்.

நீ தொட்டுக் காட்டும்வரை எதையும் தொடமாட்டேன்.

தம்பி


ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அப்பா நலம், நான் உயிரோடு இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

நேற்று டீயில் உப்பு. டப்பாக்களைத் துடைத்துவிட்டு மாற்றி வைத்துவிட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு "இந்த வீட்ல ஆட்சி மாறிடுச்சுன்னு எனக்கு யாரும் சொல்லலையே" என்றார். துணி துவைத்து, மருந்து கொடுத்து, அவர் பின்னாலேயே நடந்து, சாயங்காலம் ஆனால் எனக்கு ஒரு பக்கம் படிக்கக்கூடத் தெம்பு இல்லை. இதை இத்தனை வருடம் செய்துவிட்டு நீ வேலைக்கும் போய்வந்தாய். நன்றி என்று எழுதினால் சின்னச் சொல்லாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

புத்தகத்தின் அச்சுப்படி வந்தது. முடிவில் இரண்டு வரி சேர்த்திருந்தேன். எதையாவது காப்பாற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னால், தினமும் காலையில் எழுந்து அதைக் காப்பாற்றுகிறவர் யார் என்று கேளுங்கள். அவருக்கு அது சம்மதமா என்றும் கேளுங்கள் என்று. பாடத்திட்டத்தில் இல்லை என்று பதிப்பாசிரியர் வெட்டிவிட்டார். சண்டை போடத் தெம்பில்லை.

அலமாரியை மறு கோடி வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன், நீ காட்டிய மாதிரியே, அவர் கையைப் பிடித்துத் தொட வைத்துத்தான். ஜன்னல் முழுதும் திறந்தாயிற்று. அது அவருக்குப் பழகிவிட்டது. பழகாதது வேறு. காலையில் எழுந்ததும் சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்சம் நிற்கிறார். நீ பாத்திரம் கழுவுகிற சத்தம் வருகிற பக்கம். பிறகு என்னைக் கூப்பிடுகிறார். பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "இதையெல்லாம் அவளுக்கு எழுதாதே" என்றார்.

எழுதிவிட்டேன். என்ன எழுதினேன் என்று கேட்காமல் அவரே கையெழுத்தும் போட்டிருக்கிறார், பார்.

தம்பி

(அடியில் அப்பாவின் கையெழுத்து, நேராக.)


செப்டம்பர் 10

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று நிஜமாகவே கேட்டிருந்தாய். நிஜமாகவே சொல்கிறேன், பாதி நலம்.

என் அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒன்றும் அடைக்காத ஒரு ஜன்னல். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிலை இழுத்து இடம் மாற்றிப் போடுகிறேன். காரணம் எதுவும் இல்லை. யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, யார் கையையும் பிடித்துக் காட்ட வேண்டியதில்லை. முதல் தடவை அப்படிச் செய்துவிட்டுக் கட்டில்மேல் உட்கார்ந்து சிரித்தேன். காலையில் செருப்பை மாட்டும்போது அந்தச் சோர்வு வருவதில்லை.

அப்பா சமையலறைப் பக்கம் திரும்பி நிற்கும்போது நீ உடனே போய்ப் பேச்சுக் கொடுக்காதே. கொஞ்சம் நிற்கவிடு. நான் திரும்பி வந்துவிடப் போவதில்லை, அது அவருக்கும் தெரியும். நின்றுவிட்டுத்தான் உன்னைக் கூப்பிடுவார்.

ஒன்று மட்டும் விட முடியவில்லை. வேலை முடிந்து வந்து பூட்டைத் திறந்து அறைக்குள் கால் வைத்ததும் "நான்தான் வந்திருக்கேன்" என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். நேற்று பக்கத்து அறைக்காரி எட்டிப் பார்த்து, "உள்ளே யாரு இருக்காங்க?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் நுழைந்தேன்.

இதை அப்பாவுக்கு ஒரு வரியும் தாண்டாமல் படித்துக் காட்டு.

அக்கா